அவரவர் வேகத்தில் கணினிப் பட்டறை: தொடரவா, வழக்கமான வகுப்புக்கு மாறவா?

மாலைநேர மாணவி:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வயது 47. வேலை பார்க்கும் இடத்தில் சரக்குப் பதிவேடு என் பொறுப்பு. இத்தனை வருடமும் பேரேட்டில் கையால்தான் எழுதிவந்தேன். இனிமேல் எல்லாம் எக்செல்லில் என்று சொல்லிவிட்டார்கள். அதனால் சமுதாயக் கல்லூரியில் நடக்கும் கணினிப் பட்டறையில் சேர்ந்தேன். பாடத்தை அவரவர் வேகத்தில் முடித்துக்கொள்ளலாம் என்று சொன்னதுதான் சேரத் தூண்டியது.

அங்கே பாடம் நடத்துகிற ஆள் என்று யாரும் கிடையாது. ஆய்வகம் மாலையில் திறந்திருக்கும். ஒரு கையேடு, பயிற்சி ஃபைல்கள், ஒவ்வொரு அலகுக்கும் சில வீடியோக்கள், கடைசியில் ஒரு தேர்வு. 80 சதவீதம் வாங்கினால்தான் அடுத்த அலகு திறக்கும். உதவிக்கு ஒரு பயிற்றுநர் இருக்கிறார்.

முதல் இரண்டு அலகையும் இரண்டே வாரத்தில் முடித்துவிட்டேன். மூன்றாவதில் மூன்று வாரமாக நிற்கிறேன். வீடியோ பார்க்கும்போது எல்லாம் புரிகிறது. அதை மூடிவிட்டு ஷீட்டைத் திறந்தால் கை ஓடவில்லை. என்னோடு ஒரே நாளில் சேர்ந்த பையன் ஏழாவது அலகில் இருக்கிறான். அவன் பக்கத்து நாற்காலியில் வந்து உட்காரும்போது நான் திரையைச் சின்னதாக்கிவிடுகிறேன்.

இந்த முறை எனக்குச் சரிப்படாதோ என்று தோன்றுகிறது. வழக்கமான வகுப்புக்கு மாறிவிடலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஆய்வகத்துக்காரர்:

அக்கா, இப்படிப்பட்ட ஆய்வகம் ஒன்றில்தான் 11 வருடமாக இருக்கிறேன். மாறுவதா வேண்டாமா என்பதை அப்புறம் பேசுவோம். முதலில் மூன்றாவது அலகில் எந்த இடத்தில் நிற்கிறீர்கள் என்று சொல்லுங்கள். 'எக்செல் வரவில்லை' என்று சொல்கிறவர்களுக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு விஷயம்தான் வந்திருக்காது. அதைக் கண்டுபிடித்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக நகரும்.

வீடியோவைப் பற்றி ஒன்று. இன்னொருவர் செய்வதைப் பார்க்கும்போது எல்லாமே புரிந்த மாதிரிதான் இருக்கும். அடுத்து எங்கே சொடுக்க வேண்டும் என்ற முடிவை அங்கே அவர் எடுக்கிறார். நீங்கள் தனியாக உட்காரும்போது நின்றுபோவது அந்த முடிவு எடுக்கும் இடத்தில்தான். அதனால் வீடியோவை ஒரு முறை மட்டும் பாருங்கள். மூடிவிடுங்கள். வெற்று ஷீட்டில் நினைவிலிருந்து செய்து பாருங்கள். தப்பாக வந்தாலும் பரவாயில்லை. எங்கே நின்றீர்களோ, அந்த அரை நிமிடத்தை மட்டும் திரும்பப் போய்ப் பாருங்கள். முழு வீடியோவையும் நான்கு தடவை பார்ப்பதைவிட இது சீக்கிரம் வேலை செய்யும்.

இன்னொன்று, பத்து நிமிடத்துக்கு மேல் ஒரே இடத்தில் நின்றால் கையைத் தூக்குங்கள். நான் பார்த்த வரையில் வயதில் மூத்தவர்கள் கேட்பதே இல்லை. தப்பாக நினைத்துக்கொள்வார்களோ என்று ஒரு மணி நேரம்கூடப் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் திணறுகிறார்களா, மும்முரமாகச் செய்கிறார்களா என்று தூரத்திலிருந்து பார்த்தால் எங்களுக்குத் தெரியாது.

இரண்டாம் முயற்சி:

நான் மாறச் சொல்வேன். இந்த மாதிரிப் பட்டறையில் இரண்டு முறை சேர்ந்து இரண்டு முறையும் பாதியில் நின்றவன் நான். சோம்பேறித்தனம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதே நேரத்தில் வேறொரு சான்றிதழ்ப் படிப்பை ஒழுங்காக முடித்தேன். அதில் திங்கட்கிழமை ஆறு மணிக்கு வகுப்பு, வராவிட்டால் பெயர் போய்விடும். இதில் 'எப்போது வேண்டுமானாலும் வரலாம்'. வீட்டில் வேலை இருக்கிறவனுக்கு 'எப்போது வேண்டுமானாலும்' என்றால் நாளைக்கு என்றுதான் அர்த்தம். அந்த நாளை வரவே இல்லை.

அப்புறம், நான் போன இடத்தில் உதவியாளர் தன் மேசையை விட்டு எழுந்ததே கிடையாது. கேட்டால், 'கையேட்டில் இருக்கிறது, படியுங்கள்' என்பார். கையேட்டைப் படித்துப் புரியாமல்தானே கேட்கிறோம்?

பாடம் எழுதுபவர்:

இரண்டாம் முயற்சி சொல்வதில் முழு நியாயம் இருக்கிறது. பாடத்திட்டம் எழுதுவது என் தொழில், அதனால் கொஞ்சம் பழைய கதை சொல்கிறேன்.

அலகு அலகாகப் பிரித்து, ஒன்றைத் திருத்தமாக முடித்த பிறகே அடுத்ததைத் திறக்கும் முறை கணினிக்காக வந்தது இல்லை. 1960களில் ஃப்ரெட் கெல்லர் என்ற உளவியலாளர் பல்கலைக்கழக வகுப்புகளுக்காக இதை உருவாக்கினார். 1968-இல் அதைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை பரவலாகப் படிக்கப்பட்டது. அதில் வேகம் மாணவர் கையில். ஆனால் கூடவே இன்னொன்றும் உண்டு, அதைத்தான் பல இடங்களில் விட்டுவிட்டார்கள். ஒவ்வொரு அலகுத் தேர்வையும் ஒரு ஆள் பக்கத்தில் உட்கார்ந்து உடனே திருத்துவார். அந்தப் பாடத்தை ஏற்கெனவே முடித்த மாணவராக அவர் இருப்பார். 'இதை ஏன் இப்படி எழுதினாய்?' என்று கேட்பார், பேசுவார், திரும்ப எழுத விடுவார். தோற்றால் அபராதம் எதுவும் கிடையாது.

அந்த ஆளை எடுத்துவிட்டுக் கையேட்டையும் தேர்வையும் மட்டும் வைத்தால் பாதி முறைதான் மிஞ்சும். தள்ளிப்போடும் பிரச்சினையும் அன்றைக்கே இருந்தது. அந்த முறையில் ஆசிரியர்கள் முதலில் கவனித்த குறைகளில் அதுவும் ஒன்று. ஆகவே நண்பரே, அதை உங்கள் குணத்தின் குறையாக நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

மென்பொருள் பாடத்துக்கென்றே இன்னொரு தகவல். 1980களின் தொடக்கத்தில் ஐபிஎம் நிறுவனத்தில் ஜான் கேரல் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவும், அலுவலக ஊழியர்கள் சொல்செயலியை எப்படிக் கற்கிறார்கள் என்று பக்கத்திலிருந்து பார்த்தார்கள். அவர்கள் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிக்கவில்லை. உடனே ஒரு கடிதத்தைத் தட்டச்சு செய்யப் பார்த்தார்கள். தெரியாத ஏதாவது மெனுவுக்குள் போய் மாட்டிக்கொண்டு, வெளியே வரவே நேரமெல்லாம் போனது. அதனால் ஆரம்பத்தில் தேவைப்படாத வசதிகளைப் பூட்டிவைத்து ஒரு பதிப்பு செய்து கொடுத்தார்கள். அதில் பழகியவர்கள் சீக்கிரம் வேலையை முடித்தார்கள். 1984-இல் அந்த முடிவு வெளிவந்தது. கையேட்டை எழுதுகிறவர்கள் இன்றும் மறந்துவிடுவது இதைத்தான்: கற்கிறவருக்குத் தன் சொந்த வேலைதான் முதலில்.

நோட்டுப் புத்தகம்:

தங்கச்சி, எனக்கு 62. ஓய்வு பெற்ற பிறகுதான் சேர்ந்தேன். நீ மூன்றாவது அலகில் நிற்கிறாய், நான் டபுள் கிளிக்கிலேயே நின்றேன். இரண்டு சொடுக்குக்கு நடுவில் என் கை கொஞ்சம் நகர்ந்துவிடும், ஃபைல் திறக்காது, ஐகான் இடம் மாறிவிடும். நான்கு நாள் யாரிடமும் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் பயிற்றுநர் அம்மா தானாகவே கவனித்தார். 'ஐயா, ஒரு தடவை சொடுக்கிவிட்டு என்டர் தட்டுங்கள்' என்றார். திறந்தது! அப்புறம் மவுஸ் அமைப்புக்குள் போய் டபுள் கிளிக் வேகத்தைக் குறைத்தும் வைத்தார். இது கையேட்டின் எந்தப் பக்கத்திலும் இல்லை.

நான் வைத்திருக்கும் நோட்டைப் பற்றிச் சொல்கிறேன். முதலில் எல்லோரையும் போல, 'ஃபைல் மெனு, சேவ் ஆஸ், ஃபோல்டர்' என்று படிகளைத்தான் எழுதினேன். திரும்பப் படித்ததே இல்லை. பிறகு நான் செய்த தப்புகளை மட்டும் எழுத ஆரம்பித்தேன். இடப்பக்கம் திரையில் என்ன தெரிந்தது, வலப்பக்கம் அது ஏன், என்ன செய்தால் சரியானது. 'செல் (கட்டம்) முழுக்க #### வந்தது. எண் அழியவில்லை, பத்தியின் (நெடுவரிசையின்) அகலம் போதவில்லை. ஓரத்தைப் பிடித்து இழு.' இப்படி 40 பக்கம் சேர்ந்திருக்கிறது. அந்த நோட்டைத்தான் இன்றைக்கும் திறக்கிறேன்.

மாலைநேர மாணவி:

ரொம்ப நன்றி. ஐயா, நான்கு நாள் யாரிடமும் சொல்லவில்லை என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது கண் கலங்கிவிட்டது. நானும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஆய்வகத்துக்காரர் கேட்டதற்குப் பதில்: பி பத்தியில் விலைகள். டி1 செல்லில் தள்ளுபடி விகிதம். சி பத்தியில் ஒவ்வொரு பொருளுக்கும் தள்ளுபடித் தொகை வர வேண்டும். சி2-இல் பி2-ஐயும் டி1-ஐயும் பெருக்குகிறேன், சரியான விடை வருகிறது. அதைக் கீழே இழுத்தால் மற்ற எல்லா வரியிலும் பூஜ்யம். ஒவ்வொரு வரியிலும் கையால் எழுதினால் வந்துவிடுகிறது. ஆனால் தேர்வில் 200 வரி. 'டாலர் குறி போடவும்' என்று கையேட்டில் ஒரே வரிதான் இருக்கிறது. எதற்குப் பணக்குறி என்று புரியாமல் விட்டுவிட்டேன்.

ஆய்வகத்துக்காரர்:

அக்கா, நீங்கள் மாட்டிக்கொண்டிருப்பது இந்தப் பாடம் முழுவதிலும் கடினமான இடத்தில். மெதுவாகப் போவோம்.

ஒருவருக்கு வழி சொல்ல இரண்டு விதம் உண்டு. 'இங்கிருந்து இடப்பக்கம் இரண்டு வீடு தள்ளி' என்று சொல்லலாம். 'கதவு எண் 12' என்றும் சொல்லலாம். முதல் விதத்தில், கேட்கிறவர் நிற்கும் இடம் மாறினால் போய்ச் சேரும் வீடும் மாறிவிடும். எக்செல் பழக்கத்தில் முதல் விதமாகத்தான் நினைத்துக்கொள்ளும். நீங்கள் சி2-இல் நின்று எழுதியதை அது 'எனக்கு இடப்பக்கத்துச் செல்லையும், வலப்பக்கம் ஒன்று தள்ளி மேலே ஒன்று ஏறினால் வரும் செல்லையும் பெருக்கு' என்று எடுத்துக்கொண்டது. சி3-க்கு இழுத்தபோது அதே வழியில் போனது. இடப்பக்கம் பி3, அது சரி. மற்றது டி1 இருந்த இடத்தில் டி2. டி2 காலி. காலிச் செல்லால் பெருக்கினால் பூஜ்யம். எக்செல் பிழை செய்யவில்லை, நீங்களும் கணக்கைத் தப்பாகப் போடவில்லை.

டாலர் குறிக்கும் பணத்துக்கும் இங்கே சம்பந்தமே இல்லை. அது ஆணி. டி-க்கு முன்னால் ஒன்று அடித்தால் பத்தி நகராது, 1-க்கு முன்னால் ஒன்று அடித்தால் வரி நகராது. $டி$1 என்றால் 'கதவு எண் 12'. எங்கே இழுத்தாலும் அங்கேயேதான் போகும்.

இப்போது செய்து பாருங்கள். சி2-ஐத் தேர்ந்தெடுத்து எஃப்2 தட்டுங்கள். ஃபார்முலாவில் வரும் செல்களைச் சுற்றி வண்ணக் கட்டம் தெரியும். டி1 என்ற எழுத்தின் மேல் கர்சரை வைத்து எஃப்4 தட்டுங்கள். இரண்டு டாலர் குறியும் தானாக வந்து உட்காரும். மடிக்கணினியாக இருந்தால் எஃப்என் பொத்தானையும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கலாம். என்டர் தட்டிவிட்டுக் கீழே இழுங்கள். அப்புறம் சி9-க்குப் போய்த் திரும்ப எஃப்2 தட்டுங்கள். ஒரு கட்டம் பி9-க்கு இறங்கியிருக்கும், இன்னொன்று டி1-இலேயே நிற்கும். அந்த இரண்டு கட்டத்தையும் கண்ணால் பார்க்க வேண்டும், அதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

இரவு ஷிஃப்ட்:

எனக்கு ஷிஃப்ட் வாரா வாரம் மாறும். திங்கட்கிழமை ஆறு மணி வகுப்பு என்றால் மாதத்தில் பாதி நாள் போக முடியாது. இந்த முறை இல்லாவிட்டால் நான் படித்தே இருக்க மாட்டேன். ஒவ்வொரு ஞாயிறும் அந்த வாரத்து ஷிஃப்டைப் பார்த்துவிட்டு இரண்டு நேரத்தை முன்பதிவு செய்துவிடுவேன். ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம்தான். ஒரே நாளில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன், மறுவாரம் எதுவும் நினைவில் இல்லை.

பாடம் எழுதுபவர்:

இடைவெளி விட்டுப் படிப்பது அதிகம் தங்கும் என்பது பழைய முடிவு. நினைவாற்றலை ஆராய்ந்த ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885-இலேயே எழுதிவைத்தது. ஒரே நாளில் குவிக்காமல் இரண்டாகப் பிரித்தது நல்ல வேலை.

புதுவரவு:

இடையில் ஒரு கேள்வி. என் கணினியில் எக்செல் மாதிரியான இலவச மென்பொருள் லிப்ரேஆபிஸ்தான் இருக்கிறது. பட்டறையில் எக்செல். இதனால் பிரச்சினை வருமா?

ஆய்வகத்துக்காரர்:

ஆரம்ப அலகுகளுக்கு வராது. பெருக்கல், கூட்டல், டாலர் குறி, வரிசைப்படுத்துதல், வடிகட்டுதல் எல்லாம் இரண்டிலும் ஒன்றுதான். மெனு இருக்கும் இடம் மாறும், அவ்வளவே. பதிப்பு வேறுபாட்டைத்தான் கவனிக்க வேண்டும். எங்கள் ஆய்வகத்தில் ஒருவர், பட்டியலில் ஒன்றைத் தேடி அதற்குரிய விவரத்தை எடுத்துத்தரும் எக்ஸ்லுக்கப் சார்பை (ஃபங்ஷன்) நன்றாகக் கற்றுக்கொண்டு போனார். அலுவலகத்தில் எக்செல் 2016. அதில் அந்தச் சார்பே கிடையாது. கற்றதெல்லாம் மறந்துவிட்டது என்று பயந்துபோய் வந்தார். அதே மாதிரி தேடித்தரும் பழைய சார்பான விலுக்கப் கற்றுக்கொடுத்து அனுப்பினோம். அலுவலகத்தில் எந்தப் பதிப்பு என்று முதல் நாளே பார்த்துக்கொள்வது நல்லது.

இரண்டாம் முயற்சி:

டாலர் குறியை ஆணி என்று எனக்கு யாராவது சொல்லியிருந்தால் நானும் ஏழாவது அலகுவரை போயிருப்பேன். நான் நின்றதும் இதே இடம்தான்.

ஆனாலும் என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. ஆய்வகத்துக்காரர் மாதிரி ஒருவர் எல்லா இடத்திலும் இருப்பதில்லை. தேர்வும் ஒரு கொடுமை. நான் எழுதியது நிஜமான எக்செல் கிடையாது, எக்செல் மாதிரியே தெரியும் ஒரு போலித் திரை. 'இந்தச் செல்லை நகலெடுக்கவும்' என்று கேட்டது. கண்ட்ரோல் சி தட்டினேன். தவறு என்றது. மெனுவில் போய்ச் சொடுக்கினால்தான் மதிப்பெண்ணாம். வேலையில் தினமும் கண்ட்ரோல் சி-தான் தட்டுகிறேன். தெரிந்த ஒன்றைத் தெரியாது என்று எழுதிக் கொடுத்தார்கள். அன்றைக்கு எழுந்து போனவன்தான்.

பாடம் எழுதுபவர்:

இதைப் படிக்க வருத்தமாக இருக்கிறது. இதில் எங்கள் தரப்புக் குறையும் உண்டு. ஒரே வழியை மட்டும் ஏற்கும் தேர்வைச் செய்வது எளிது, இயந்திரமே திருத்திவிடும். ஆனால் மென்பொருளில் ஒரு காரியத்தைச் செய்ய மூன்று நான்கு வழி இருக்கும். பெரியவர்கள் பெரும்பாலும் ஏதாவது ஒரு வழியை வேலையிடத்தில் பழகிக்கொண்டுதான் வருவார்கள். வேலை முடிந்த ஃபைலைக் கொடுக்கச் சொல்லி அதைத் திருத்துவதுதான் நேர்மை. 'இந்தப் பட்டியலை மாதவாரியாகத் தொகுத்துக் கொடு' என்று கேட்டு, தொகை சரியா, ஒரு விலையை மாற்றினால் தொகையும் மாறுகிறதா என்று பார்த்தால் போதும். எந்த மெனு வழியாக வந்தார் என்பது யாருக்கும் தேவையில்லை.

திருத்த நேரம் ஆகும். அந்த நேரத்துக்கு ஆள் வேண்டும். மாணவர் பக்கத்தில் கெல்லர் ஒரு ஆளை உட்காரவைத்ததற்குக் காரணமும் இதுதான்.

ஆய்வகத்துக்காரர்:

இரண்டாம் முயற்சி சொன்னதை மறுக்க மாட்டேன். நான்கூட முதல் இரண்டு வருடம் மேசையில்தான் உட்கார்ந்திருந்தேன். கேட்டால் சொல்வது என் வேலை என்று நினைத்திருந்தேன். கேட்காமலே போய்விட்டவர்கள் எத்தனை பேர் என்று வருகைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்த பிறகுதான் எழுந்து நடக்க ஆரம்பித்தேன். இப்போது அரை மணிக்கு ஒரு முறை ஒவ்வொருவரிடமும் போவேன். 'சந்தேகம் இருக்கிறதா?' என்று கேட்பதில்லை, கேட்டால் எல்லோரும் 'இல்லை' என்பார்கள். 'இப்போது செய்ததைக் காட்டுங்கள்' என்பேன். அவர்கள் காட்டும்போதே எங்கே நிற்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

சேரப்போகிறவர்கள் சேருவதற்கு முன் ஒரு மாலை ஆய்வகத்துக்குப் போய்ப் பதினைந்து நிமிடம் நின்று பாருங்கள். பயிற்றுநர் நடக்கிறாரா என்று பாருங்கள். தேர்வில் தோற்றால் திரும்ப எழுத விடுவார்களா, சொந்த ஃபைலைக் கொண்டுவந்து வேலை செய்யலாமா என்று கேளுங்கள். இரண்டுக்கும் 'முடியாது' என்றால் வழக்கமான வகுப்பே மேல்.

அக்கா, உங்கள் இடத்தில் ஆள் இருக்கிறார் என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் இன்னும் ஒரு முறைகூடக் கேட்கவில்லை என்று நினைக்கிறேன். கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

மாலைநேர மாணவி:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். நடுவில் வந்து பதில் போடாததற்கு மன்னிக்கவும்.

எஃப்2 தட்டி அந்த இரண்டு கட்டத்தையும் பார்த்தேன். ஒன்று இறங்கியது, ஒன்று நின்றது. ஏழெட்டு முறை டாலர் குறியை எடுத்தும் போட்டும் இழுத்துப் பார்த்தேன். மறுநாளே தேர்வு எழுதினேன், 92 வாங்கினேன்.

அப்புறம் பயிற்றுநரிடம் போய், பயிற்சி ஃபைலுக்குப் பதில் என் சரக்குப் பதிவேட்டைக் கொண்டுவரலாமா என்று கேட்டேன். விலை எதுவும் வெளியே தெரியாதபடி மாற்றிக் கொண்டுவரச் சொன்னார். ஒரு மாதக் கணக்கை உள்ளிட்டேன். மொத்தம் பேரேட்டோடு ஒத்துவரவில்லை. பழைய நானாக இருந்தால் ஷீட்டை மூடியிருப்பேன். வரி வரியாக விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். எண்கள் எல்லாம் செல்லின் வலப்பக்கம் ஒட்டியிருந்தன, ஒன்று மட்டும் இடப்பக்கம். மூலையில் சின்னப் பச்சை முக்கோணம் வேறு. வேறொரு ஃபைலிலிருந்து ஒட்டிய எண் அது. பார்க்க எண்ணாக இருந்தாலும் எக்செல் அதை எழுத்தாக எடுத்துக்கொண்டு கூட்டலில் சேர்க்காமல் விட்டிருக்கிறது. எண்ணாக மாற்றியதும் பேரேட்டின் மொத்தத்தோடு கடைசி இலக்கம்வரை ஒத்துவந்தது. பயிற்றுநரைக் கூப்பிட்டுக் காட்டினேன், கேட்பதற்கு எதுவும் இல்லாமலே.

ஐயா சொன்ன மாதிரி நோட்டு வாங்கிவிட்டேன். முதல் பக்கத்தில் பூஜ்யம், இரண்டாம் பக்கத்தில் இடப்பக்கம் ஒட்டிய எண்.

செவ்வாயும் வியாழனும் ஏழு மணிக்கு ஒரே இருக்கையை முன்பதிவு செய்திருக்கிறேன். வழக்கமான வகுப்புக்கு மாறவில்லை. இப்போது ஐந்தாவது அலகு. அதில் பெரிய பட்டியலைத் தொகுத்துக் காட்டும் பிவட் டேபிள் வருகிறது. அதற்கு முன் ஏதாவது தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டுமா?

நோட்டுப் புத்தகம்:

சபாஷ் தங்கச்சி. மூன்றாம் பக்கம் எழுதும்போது இங்கேயும் போடு.

ஆய்வகத்துக்காரர்:

ஒன்றே ஒன்றுதான் அக்கா. உங்கள் பட்டியலில் முதல் வரியில் ஒவ்வொரு பத்திக்கும் தலைப்பு இருக்க வேண்டும், நடுவில் காலி வரி இருக்கக் கூடாது. பேரேட்டில் ஒவ்வொரு பக்கத்துக்கும் கீழே மொத்தம் போட்டிருப்பீர்கள். அந்த மொத்த வரிகளை ஷீட்டில் சேர்க்காதீர்கள், இரண்டு முறை கூட்டிவிடும்.

இரண்டாம் முயற்சி:

எங்கள் ஊழியர் சங்கத்தில் ஒருவர் வேறொரு கல்லூரி ஆய்வகத்தைப் பற்றிச் சொன்னார். வியாழன் மாலை போய் நின்று பார்க்கப்போகிறேன். பயிற்றுநர் நடக்கிறாரா என்று எழுதுகிறேன்.